புள்ளி வைத்த சுழி

மலாக்காவின் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வளர்ந்து, இன்று ஆயர் குரோவிலும் டுரியான் துங்காலிலும் நிரல் எழுதப் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு,



போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, ஜாசினில் வகுப்பு நடக்கும் மண்டபத்தில் உங்களில் நான்கு பேர் ஒரு மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்திருந்தீர்கள். செம்பனைத் தோட்டத்து மண்ணின் ஈரத்தை நொடிக்கு ஒரு முறை அளந்து, சராசரியும் ஏற்ற இறக்கமும் கணக்கிடுகிற நிரல். முழு ஆண்டுக்கும் ஒத்திகை எண்களை நிரப்பியிருந்தீர்கள். நொடிக்கு ஒன்று என்றால் ஓராண்டுக்கு 31,536,000 எண்கள். நிரலை ஓட்டியதும் மடிக்கணினியின் விசிறி இரைந்தது. எல்லாரும் தேநீர் குடித்து முடித்தோம். கடைசியில் நினைவகம் போதவில்லை என்று சொல்லிவிட்டு நிரல் நின்றுபோனது.

"குளோஜர் வேணாங்கா. ஜாவாவுலயே எழுதிடலாம். ஃபங்ஷனல் மொழின்னாலே மெதுவாத்தான் ஓடும்" என்றாள் ஒரு தங்கை. மற்றவர்களும் தலையாட்டினீர்கள். மண்டபத்தைப் பூட்ட ஆள் வந்து நின்றதால் அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் தலையாட்டல் மனதை விட்டுப் போகவில்லை. உங்களைப் போலவே மாலை வகுப்புகளில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களும் இதே முடிவுக்கு வந்திருப்பீர்கள் என்று தோன்றியது. அதனால்தான் எல்லாருக்குமாக இந்த மடல்.

முதலில் உங்கள் நிரல் எங்கே மூச்சு முட்டியது என்று பார்ப்போம். குளோஜர், ரிச் ஹிக்கி 2007-இல் வெளியிட்ட மொழி. ஜாவாவின் ஜேவிஎம் மீது ஓடுவது. அதில் ஒரு ஃபங்ஷனை எழுதினால், உள்ளே வரப்போவது எண்ணா, சொல்லா, பட்டியலா என்று அது கேட்பதில்லை. எது வந்தாலும் "பொருள்" என்று வாங்கிக்கொள்ளும். மாப், ரெட்யூஸ் போன்றவை எதன்மீது வேண்டுமானாலும் ஓடுவது இந்தத் தாராளத்தால்தான். ஆனால் ஜேவிஎம்மில் வெறும் எண் ஒரு பொருள் ஆகாது. எண்ணைப் பொருளாக நடமாட விட, அதைச் சுற்றி ஒரு பெட்டி செய்து உள்ளே வைக்க வேண்டும். இதைத்தான் பாக்சிங் என்கிறார்கள். நான் பெட்டியிடல் என்றே சொல்கிறேன்.

பெட்டியின் கனத்தைக் கணக்குப் போடுங்கள். டபுள் வகை எண் ஒன்றுக்கு வேண்டியது 8 பைட். வழக்கமான 64 பிட் ஜேவிஎம்மில் அதே எண்ணைப் பெட்டியில் வைத்தால், தலைப்பகுதியும் இடைவெளியும் சேர்ந்து 24 பைட். அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் சுட்டிக்கு மேலும் 4 பைட். ஆக, 8 பைட் சரக்குக்கு 28 பைட் செலவு. உங்கள் ஓராண்டு எண்கள் வெறுமனே அடுக்கப்பட்டிருந்தால் 252 மெகாபைட்டில் அடங்கியிருக்கும். பெட்டியோடு அவை 883 மெகாபைட்டைப் பிடித்தன. அதன் பிறகு ஒவ்வொரு எண்ணையும் சராசரியிலிருந்து கழித்து வர்க்கப்படுத்தினீர்கள். ஒவ்வொரு கழித்தலுக்கும் ஒரு புதுப் பெட்டி, ஒவ்வொரு பெருக்கலுக்கும் இன்னொன்று, கூட்டலுக்கு மற்றொன்று. 8 ஜிகாபைட் மடிக்கணினியில் ஜேவிஎம் தானாக எடுத்துக்கொள்ளும் உச்ச அளவு நான்கில் ஒரு பங்கு, அதாவது 2 ஜிகாபைட். அது போதவில்லை. நிரலின் நேரமும் கூட்டலில் போகவில்லை. பெட்டி செய்வதிலும், பெட்டி உடைப்பதிலும், காலிப் பெட்டிகளைக் குப்பையாக அள்ளுவதிலும் போனது.

என் சின்னம்மா பத்து பெரண்டாம் தடையற்ற வாணிப மண்டலத்தில் சில்லுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். விடியுமுன் தொழிற்சாலை பஸ் தோட்டத்து முனைக்கு வரும். முடியைவிட மெல்லிய கம்பிகள் சில்லின்மேல் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று மைக்ரோஸ்கோப்பில் நாள் முழுக்கப் பார்ப்பதாகச் சொல்வார். அந்த மாதிரிச் சில்லுக்குள், கூட்டுவதற்கு எண் வந்து நிற்கிற இடம் ரெஜிஸ்டர். அதற்குள் பெட்டி நுழையாது. வெறும் எண்தான் நுழையும். நீங்கள் எந்த மொழியில் எழுதினாலும், கூட்டுவதற்கு முன் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். மூன்று கோடிக்கும் மேல் பெட்டிகளைத் திறந்து மூடுவதா, திறந்தபடியே வேலையை முடிப்பதா என்பதுதான் நம் கேள்வி.

ஜாவாவுக்குப் போகலாம் என்ற தங்கைக்கு ஒரு வார்த்தை. ஜாவாவிலும் அரேலிஸ்ட்டில் எண்களைப் போட்டால் இதே 24 பைட் பெட்டிதான். 2004-இல் வந்த ஜாவா 5 முதல், மொழியே சத்தமில்லாமல் பெட்டியிட்டுக் கொடுக்கிறது. உங்கள் கண்ணுக்குப் படாது, அவ்வளவுதான். ஃபங்ஷனல் மொழிகளும் எல்லாம் ஒன்றுபோல் இல்லை. ஓகேமல் மொழி ஒரு பிட்டை அடையாளத்துக்கு ஒதுக்கிவிட்டு, மீதி 63 பிட்டில் முழு எண்ணைப் பெட்டியில்லாமல் வைக்கிறது. ஹாஸ்கெல் மொழியின் கம்பைலர், பெட்டி வேண்டாத இடத்தைத் தானே ஆராய்ந்து பல வேளைகளில் கழற்றிவிடுகிறது. குளோஜர் அந்த முடிவை உங்கள் கையில் கொடுக்கிறது. அதைச் சொல்லும் வழிதான் டைப் ஹிண்ட், அதாவது வகைக்குறிப்பு.

வகைக்குறிப்பு இரண்டு விதம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று, பொருளின் வகையைச் சொல்வது. ஒரு மாறிக்கு முன்னால் ^ குறியிட்டு ஸ்டிரிங் என்று எழுதினால், "இதில் வருவது சொல்தான், ஒவ்வொரு முறையும் தேடிப் பார்க்காதே" என்று கம்பைலருக்குச் சொல்கிறீர்கள். அப்படிச் சொல்லாவிட்டால், ஜாவா மெத்தடை அழைக்கும் இடத்தில் எல்லாம், இந்தப் பொருளுக்கு அப்படி ஒரு மெத்தட் இருக்கிறதா என்று ஓடும்போதே தேடும். அந்தத் தேடலுக்குப் பெயர் ரிஃப்ளெக்‌ஷன்.

மற்றொன்று, எண்ணின் வகையைச் சொல்வது. ^ குறியோடு லாங் அல்லது டபுள் என்று ஃபங்ஷனின் உள்ளீட்டுக்கு முன் எழுதினால், அந்த ஃபங்ஷனுக்கு வெறும் எண்ணையே வாங்கும் தனி வாசல் ஒன்று கிடைக்கிறது. 2011-இல் வந்த குளோஜர் 1.3 முதல் இந்த வசதி உண்டு. லாங், டபுள் இரண்டுக்கு மட்டும்தான். அப்படிப்பட்ட ஃபங்ஷனில் உள்ளீடுகள் நான்குக்கு மேல் கூடாது. திருப்பித் தரும் எண்ணின் வகையை உள்ளீட்டுப் பட்டியலுக்கு முன் எழுத வேண்டும், ஃபங்ஷன் பெயருக்கு முன் எழுதினால் பலிக்காது. இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பிழைச் செய்தி ஒரு முறை வந்தால் தானாக மனதில் பதிந்துவிடும்.

உங்கள் நிரலுக்கு வருகிறேன். நகலை வாங்கி வந்திருந்தேன் அல்லவா? இரவு அதைத் திறந்து, எண்களை வெக்டரிலிருந்து டபுள் அரேக்கு மாற்றினேன். மாப், ரெட்யூஸ் இருந்த இடத்தில் லூப் எழுதி ஓடவிட்டேன். வேகம் கூடியது, ஆனால் நான் நினைத்த அளவுக்கு இல்லை. கம்பைலர் ஓர் எச்சரிக்கையைக் காட்டியது. மொத்தம் என்ற மாறியில் திரும்பி வருவது டபுள், அங்கே இருக்க வேண்டியது லாங், பொருந்தவில்லை என்றது.

நான் மொத்தத்தை 0 என்று தொடங்கியிருந்தேன்.

புள்ளியில்லாத 0 குளோஜருக்கு முழு எண். அதனால் மொத்தம் லாங் என்று முடிவு கட்டிவிட்டது. முதல் சுற்றில் ஈரத்தின் அளவைக் கூட்டியதும் அது டபுள் ஆனது. இரண்டும் பொருந்தாததால், கம்பைலர் அந்த மாறியை மறுபடியும் பெட்டிக்குள் போட்டுவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பெட்டி. 0 என்பதை 0.0 என்று திருத்தினேன். எச்சரிக்கை போனது. எத்தனை முறை ஓட்டினாலும், நான் நாற்காலியில் சாய்வதற்குள் விடை வந்து நின்றது. உங்களில் பலர் கைவிட நினைத்த மொழிக்கும், ஓடுகிற மொழிக்கும் இடையே அன்றிரவு நின்றது அந்தப் புள்ளி ஒன்றுதான்.

தமிழுக்குள்ளிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன், இது எனக்கு நெருக்கமானது. இளங்கோ சேரன் என்பவர் குளோஜரில் எழுதிய சிஎல்ஜே-தமிழ் என்ற நிரலகம் இருக்கிறது. தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். குளோஜர் நிரலையே தமிழ்ச் சொற்களில் எழுதவும் வழி செய்கிறது. மலாக்கா என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று தமிழ்ப் பள்ளியின் முதலாம் ஆண்டுப் பிள்ளையைக் கேளுங்கள். ம, லா, க், கா என்று நான்கு விரலை மடக்கும். கணினியைக் கேட்டால் 7 என்னும். யூனிகோடில் துணைக்கால்களும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக நிற்பதால் வரும் வேறுபாடு அது. நம் எழுத்து நமக்குத் தெரிந்தபடி எண்ணப்பட வேண்டும் என்றால், நம்மவர்தான் அதற்கு நிரல் எழுத வேண்டும். இளங்கோ சேரன் எழுதினார். அதைத் திறந்து படியுங்கள்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் நானும் ஒரு வேலையில் இறங்கினேன். பழைய தமிழ்ப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது. முதலில் எல்லாரும் செய்வதைப் போல, எழுத்தைச் சாவியாகவும் எண்ணிக்கையை மதிப்பாகவும் வைத்து ஒரு மேப் கட்டினேன். மேப்புக்குள் இருக்கும் எண்ணிக்கை பெட்டியில்தான் இருக்கும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஜேவிஎம் -128 முதல் 127 வரையிலான முழு எண்களுக்கு முன்கூட்டியே பெட்டி செய்து வைத்திருக்கிறது. ஆகவே ககர மெய் 127 முறை வரும்வரை பழைய பெட்டிகளே கைமாறும், செலவில்லை. 128-ஆவது முறையிலிருந்து ஒவ்வொரு கூட்டலுக்கும் புதுப் பெட்டி. சின்னக் கோப்பில் சோதித்தபோது வேகமாக ஓடிய நிரல், பெரிய கோப்பில் திணறியதற்கு இதுவும் ஒரு காரணம். நீங்களே பார்க்கலாம். 127-ம் 127-ம் ஒரே பொருளா என்று குளோஜரைக் கேளுங்கள், ஆம் என்னும். 128-ஐக் கேளுங்கள், இல்லை என்னும்.

நம் எழுத்துகள் 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. கிரந்த எழுத்துகளுக்குச் சில இடங்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். 247 இடமுள்ள லாங் அரே ஒன்றைச் செய்தால் எண்களுக்கு வேண்டியது 1,976 பைட். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் இடம், அந்த இடத்தில் வெறும் எண். எழுத்து வரும்போது அந்த இடத்தில் ஒன்றைக் கூட்டு. பெட்டியே இல்லை. ஆனால் இங்கேயும் வகைக்குறிப்பு வேண்டும். இது லாங்குகளின் அரே என்று சொல்லாமல் ஃபங்ஷனுக்குள் அனுப்பினால், அரேயின் ஒவ்வோர் இடத்தையும் தொடுவதற்கு ரிஃப்ளெக்‌ஷன் நடக்கும், முன்பைவிட மோசமாகும். நானும் அதில் ஓர் இரவைத் தொலைத்திருக்கிறேன்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, நாளைக்கே எல்லா ஃபங்ஷனிலும் ^ குறி போட ஆரம்பித்துவிடாதீர்கள். அதைச் சொல்லத்தான் இந்த மடலின் பாதியை வைத்திருந்தேன்.

என் அம்மா பால்மரம் வெட்டியவர். ஜாசின் பக்கத்துத் தோட்டம். 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் நட்ட நாளிலிருந்து இந்த மண்ணில் நிறுவையும் கணக்கும் நடந்துகொண்டிருக்கிறது. விடியுமுன் பெரட்டு, பிறகு நிரை, நண்பகலுக்குள் மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக் காண்டாவில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வருவார். அங்கே வாளியோடு நிறுத்து, வாளியின் எடையைக் கழிப்பார்கள். பாலில் கொஞ்சம் எடுத்து, அதில் உலர் ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். பாலில் பெரும்பகுதி நீர்தான், உலர் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே தேறும். கூலி அந்த உலர் எடைக்கு. நான் பள்ளி விட்டு வந்து ஸ்டோர் வாசலில் நிற்பேன். ஒரு நாள் 12.75 கிலோ தேறியது. கிராணி புத்தகத்தில் 12 என்று எழுதினார். அம்மா முக்கால் எங்கே என்று கேட்டார். புத்தகத்தில் முழு எண்தான் எழுதுவது என்று பதில் வந்தது. அம்மா வாளியை எடுத்துக்கொண்டு நடந்தார். மாதத்துக்கு 26 நாள் வேலை என்று வையுங்கள். நாளுக்கு முக்கால் கிலோ போனால் 19.5 கிலோ. ஒன்றரை நாள் உழைப்பு அப்படியே காணாமல் போகிறது.

இப்போது உங்கள் கூலிக் கணக்கு நிரலில் எடை என்ற உள்ளீட்டுக்கு முன் டபுள் என்று எழுத வேண்டிய இடத்தில் லாங் என்று எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோப்பிலிருந்து படித்த மேப்பின் வழியாக 12.75 வருகிறது. குளோஜர் பிழை என்று கத்தாது, எச்சரிக்கை காட்டாது. ஃபங்ஷனுக்குள் 12 நுழையும். அந்தக் கிராணி எழுதியது போலவே.

ஆகவே வகைக்குறிப்பை வேக மருந்தாக நினைக்காதீர்கள். அது நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வாக்கு. வருவது இன்ன வகைதான் என்று நீங்கள் சொன்னால் கம்பைலர் நம்பிவிடுகிறது. வாக்கு தவறினால் நட்டம் கம்பைலருக்கில்லை, நிறுவைத் தட்டின் மறுபக்கம் நிற்பவருக்கு.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பெட்டியிடும் இடங்களைக் காட்டச் சொல்லும் விசை ஒன்று 2015-இல் வந்த குளோஜர் 1.7-இல் சேர்க்கப்பட்டது. அன்செக்டு-மேத் என்ற அமைப்புக்கு வார்ன்-ஆன்-பாக்ஸ்டு என்று மதிப்புக் கொடுத்தால் எச்சரிக்கைகள் வரிசையாக வரும். அருமையான விசை. ஆனால் அதைப் போட்ட கணத்திலேயே, கூட்டல் எல்லை மீறுகிறதா என்ற சோதனையும் நின்றுவிடுகிறது. வழக்கமாக 9,223,372,036,854,775,807-க்கு மேல் ஒன்றைக் கூட்டினால் குளோஜர் பிழை சொல்லி நிற்கும். இந்த விசையைப் போட்ட பிறகு நிற்காது. மிகப் பெரிய எதிர்மறை எண் ஒன்றைக் கொடுத்துவிட்டு மேலே போய்விடும். ஆய்வுக்காக விசையைப் போடுங்கள், எச்சரிக்கைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கூலி, கடன், வட்டி என்று மனிதர் பணத்தைத் தொடும் கோப்பிலிருந்து அதை எடுத்துவிடுங்கள்.

எங்கே வகைக்குறிப்பு வேண்டாம்? கோப்பைத் திறக்கும் இடத்தில் வேண்டாம். தரவுத்தளத்தைக் கேட்கும் இடத்தில் வேண்டாம். அங்கே வட்டும் வலையும் எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கு முன் ஒரு பெட்டியின் செலவு ஒன்றுமே இல்லை. ஆயிரம் பேருக்குச் சம்பளச் சீட்டு அச்சிடும் நிரலிலும் வேண்டாம். பல வேளைகளில் ஜேவிஎம்மே, வெளியே போகாத பெட்டியைக் கண்டுபிடித்துக் கழற்றிவிடும். லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் சுற்றும் அந்த ஒரு லூப்பைத் தேடிப் பிடித்து அங்கே மட்டும் போடுங்கள். அது எதுவென்று ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள். ஹியூகோ டங்கன் எழுதிய கிரைட்டீரியம் என்ற நிரலகம் அதற்காகவே இருக்கிறது. ஒரே முறை ஓட்டி நேரம் பார்த்தால் ஜேவிஎம் சூடேறும் முன் வரும் பொய்க் கணக்குதான் கிடைக்கும். கிரைட்டீரியம் முதலில் சூடேற்றிவிட்டுப் பலமுறை ஓட்டி அளக்கும்.

தம்பி தங்கைகளே, ஒரு மொழி மெதுவாக ஓடுகிறது என்று கண்டதும் வேறு மொழிக்குத் தாவுவது எளிது. உங்கள் விரிவுரையாளர்களில் சிலரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் ஏன் மெதுவாகிறது என்று ஒரு முறை உள்ளே இறங்கிப் பார்த்தவருக்கு, அடுத்த மொழியிலும் அதற்கடுத்த மொழியிலும் எங்கே பார்ப்பது என்று தெரியும். நம் வீடுகளில் கணக்குப் புத்தகம் எப்போதும் வேறொருவர் கையில்தான் இருந்தது. நிறுத்தவர் எழுதினார், உழைத்தவர் நம்பினார். இன்று அந்தப் புத்தகத்தை எழுதுகிற கை உங்களுடையது. அதில் ஒரு புள்ளி எங்கே விழுகிறது, எங்கே விடுபடுகிறது என்று தெரியாமல் எழுத உங்களுக்கு உரிமையில்லை. கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் மன்னியுங்கள். ஸ்டோர் வாசலில் நின்ற பிள்ளை என்பதால் சொல்கிறேன்.

வருகிற சனிக்கிழமை மறுபடி ஜாசினில் சந்திப்போம். அதற்குள் ஒரு வேலை செய்து வாருங்கள். உங்கள் நிரலின் தலையில் இரண்டு வரிகளைச் சேருங்கள். ரிஃப்ளெக்‌ஷனை எச்சரிக்கும் வரி ஒன்று, பெட்டியிடலை எச்சரிக்கும் வரி ஒன்று. ஓடவிட்டு, வரும் எச்சரிக்கைகளை எல்லாம் தாளில் எழுதுங்கள். பிறகு ஒரே ஒரு லூப்பை மட்டும் திருத்துங்கள். திருத்துவதற்கு முன் வந்த கூட்டுத்தொகையையும் திருத்திய பின் வந்ததையும் அருகருகே எழுதிக் கொண்டு வாருங்கள். கடைசித் தசமம் வரை இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலில் அதைத்தான் பார்ப்பேன். நேரம் எவ்வளவு குறைந்தது என்பதை அதன் பிறகு கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா
ஜாசின், மலாக்கா